கார்பன் ஃபைபர் பானட்ல கிளியர் கோட் உரியுதா? பெயிண்டரைப் பார்க்குறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போடுங்க



போன வாரம் கார் இன்சூரன்ஸ் பற்றிப் போட்ட வீடியோவுக்கு வந்த கேள்விகள்ல ஒண்ணு கொஞ்சம் வித்தியாசமா இருந்தது. அனுப்பினவர் ஐயப்பன்தாங்கல்ல வாடகை வீட்டுல இருக்கார். போரூர் பக்கம் ஐடி வேலை, கைக்கு வர்ற சம்பளம் மாசம் ₹52,000. மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு செகண்ட் ஹேண்ட் ஹேட்ச்பேக் வாங்கியிருக்கார். பழைய ஓனர் ஆசைப்பட்டு அதுல கார்பன் ஃபைபர் பானட் மாட்டி வச்சிருக்கார். இப்போ அந்த பானட் மேல இருக்குற கிளியர் கோட் மஞ்சளாகி, முன்பக்க ஓரத்துல தோல் உரியுற மாதிரி உரிஞ்சு வருது.

மூணு இடத்துல கேட்டிருக்கார், மூணு விதமான பதில் கிடைச்சிருக்கு.

முதல் இடம்: "இன்சூரன்ஸ்ல போட்டுக்கலாம் சார், நீங்க கையில இருந்து பெருசா எதுவும் தர வேண்டாம்."
ரெண்டாவது இடம்: "செராமிக் கோட்டிங் போட்டா சரியாயிடும், ₹22,000."
மூணாவது இடம்: "தேய்ச்சு எடுத்துட்டு மறுபடி கிளியர் அடிக்கணும், ஜிஎஸ்டியோட ₹11,800."

"எதைக் கேக்குறது?" இதுதான் அவர் கேள்வி. ஒரு சம்பளக்காரருக்கு இது மாச வருமானத்துல நாலுல ஒரு பங்கைத் தொடுற முடிவு. அதனால முதல்ல பொருளைப் புரிஞ்சுக்கலாம், அப்புறம் பணக் கணக்குக்கு வரலாம். உங்க கார்ல கார்பன் பானட் இல்லைன்னாலும் படிங்க. சாதாரண இரும்பு பானட்ல கிளியர் கோட் உரிஞ்சாலும் இந்தக் கணக்கோட பெரும்பகுதி அப்படியே பொருந்தும்.

1. கிளியர் கோட் என்ன வேலை செய்யுது?

கார்பன் ஃபைபர் பானட்னா கார்பன் இழைகளை நெசவு செஞ்ச துணியும், அதைக் கெட்டியாப் பிடிச்சு வைக்குற ரெசினும் சேர்ந்தது. பெரும்பாலும் அது எப்பாக்சி ரெசின். வெயில்ல இருக்குற புற ஊதாக் கதிர் கார்பன் இழையைப் பெருசா ஒண்ணும் பண்ணாது. ஆனா எப்பாக்சியைக் கொஞ்சம் கொஞ்சமா மஞ்சளாக்கும், மேற்பரப்பைப் பொடியாக்கும்.

அதைத் தடுக்கத்தான் மேல கிளியர் கோட் அடிக்குறாங்க. அதுல புற ஊதாக் கதிரை உறிஞ்சுற பொருட்கள் கலந்திருக்கும். பளபளப்பு ரெண்டாவதுதான், முதல் வேலை பாதுகாப்பு. புரியுற மாதிரி சொல்லணும்னா, கிளியர் கோட்தான் பானட்டோட டெர்ம் இன்சூரன்ஸ். அது இருக்குற வரைக்கும் அடியில இருக்குறது பத்திரம். அது போன பிறகு விழுற ஒவ்வொரு நாள் வெயிலும் நேரா ரெசின் மேலதான் விழும்.

இரும்பு பானட்லயும் இதே கதைதான். அங்க கலர் பெயிண்ட் மேல கிளியர் இருக்கும். அந்தக் கிளியர் லேயர் சுமாரா 40 முதல் 50 மைக்ரான் தடிமன், அதாவது ஒரு மில்லிமீட்டரோட இருபதுல ஒரு பங்கு. அவ்வளவுதான் உங்க கையிருப்பு. ஒவ்வொரு தடவை ரப்பிங் பாலிஷ் போடும்போதும் அதுல இருந்து கொஞ்சம் வித்ட்ரா பண்றீங்க.

2. நம்ம ஏரியாவுல ஏன் சீக்கிரம் போகுது?

ஐயப்பன்தாங்கல், காட்டுப்பாக்கம், பூந்தமல்லி பக்கம் நிறைய அபார்ட்மென்ட்ல எல்லாருக்கும் மூடின பார்க்கிங் கிடையாது. வாடகைக்கு இருக்குறவங்களுக்குப் பெரும்பாலும் திறந்தவெளிதான். காலையில வீட்டு வாசல்ல வெயில், மதியம் ஆபீஸ் பார்க்கிங்ல வெயில். கத்திரி வெயில் நேரத்துல கருப்பு நிற பானட் மேல கை வைக்க முடியாது. அடியில இஞ்சின் சூடு வேற. கார்பன் பானட் கருப்பா இருக்குறதால சூட்டை நல்லா உறிஞ்சும்.

அடுத்தது தூசி. மவுன்ட் – பூந்தமல்லி ரோட்டுல மெட்ரோ வேலை நடந்த வருஷங்கள்ல இந்தப் பக்கம் கார் வச்சிருக்குற எல்லாருக்கும் தெரியும், காலையில பார்த்தா பானட் மேல சிமென்ட் கலர்ல ஒரு படலம் இருக்கும். அதைக் காய்ஞ்ச துணியால ஒரு தட்டுத் தட்டித் துடைச்சா, அந்த மண்ணே வாட்டர் பேப்பர் மாதிரி கிளியரைக் கீறும்.

மூணாவது போர் தண்ணி. உப்பு அதிகமா இருக்குற தண்ணியில கழுவி வெயில்லயே காய விட்டா, வட்ட வட்டமா வெள்ளைக் கறை நிக்கும். பறவை எச்சமும் அப்படித்தான். சூடான பானட் மேல ஒரு நாள் கிடந்தாலே கிளியரை அரிச்சிடும்.

இதுல எதுவுமே விபத்து இல்லை. இந்த வரியை ஞாபகம் வச்சுக்கோங்க, இன்சூரன்ஸ் பகுதியில தேவைப்படும்.

3. எந்த அளவு சேதம்? அஞ்சு நிலை

செலவைத் தீர்மானிக்குறது இதுதான். அதனால பெயிண்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி நீங்களே ஒரு தடவை நல்ல வெளிச்சத்துல பாருங்க.

நிலை 1: மெல்லிய வட்டக் கீறல், மங்கல். நகத்தால தடவினா கீறல் தட்டுப்படாது. இதுக்கு காம்பவுண்ட், பாலிஷ் போதும்.

நிலை 2: மஞ்சள் படிஞ்சிருக்கு, ஆனா உரியலை. மஞ்சள் கிளியர்ல இருக்கா, அடியில ரெசின்ல இருக்கான்னு பார்க்கணும். பெயிண்டர் ஓரத்துல ஒரு சின்ன இடத்தைத் தண்ணி தொட்டு நைஸ் வாட்டர் பேப்பரால தேய்ச்சுக் காட்டுவார். அந்த இடம் தெளிஞ்சா பிரச்சினை மேலோட நிக்குது.

நிலை 3: உரியுது, செதிலா வருது. பாலிஷ், வாக்ஸ், செராமிக் எதுவும் இதுக்குத் தீர்வு இல்லை. பிடிப்பு விட்டுப் போன கிளியரை முழுசா எடுத்துட்டு மறுபடி அடிக்கணும். நம்ம நண்பரோட பானட் இந்த நிலையிலதான் இருக்கு.

நிலை 4: கிளியர் போய், அடியில வெள்ளைத் திட்டு, ஊசித் துளை, வெளியே தெரியுற இழை. ரெசினே அடி வாங்கியிருக்கு. முதல்ல எப்பாக்சி ஒரு பூச்சு கொடுத்து நிரப்பி, சமன் பண்ணி, அப்புறம்தான் கிளியர். செலவு கூடும்.

நிலை 5: விரிசல், லேயர் பிரிஞ்சிருக்கு. ஒரு நாணயத்தால லேசா தட்டிப் பாருங்க. நல்ல இடத்துல 'டக்'னு கூர்மையாக் கேட்கும், பிரிஞ்ச இடத்துல மந்தமா 'தொப்'னு கேட்கும். பூட்டு, கீல் பக்கத்துல இப்படி இருந்தா பெயிண்ட் பற்றிப் பேசாதீங்க. ஓடும்போது பானட் திறந்துக்கிட்டு கண்ணாடியில அடிச்சா அது உயிர் பிரச்சினை. பானட்டையே மாத்தணும்.

இன்னொண்ணு: அது நிஜமாவே கார்பனா? கார்பன் டிசைன்ல ஸ்டிக்கர் ஒட்டின இரும்பு பானட்டும் உண்டு. மேல ஒரே ஒரு லேயர் கார்பன் துணி, அடியில எல்லாம் கிளாஸ் ஃபைபர்ங்குற பானட்டும் உண்டு. ஓரத்துல ஸ்டிக்கர் மடிப்பு தெரியுதா, அடிப்பக்கம் எப்படி இருக்கு, காந்தம் ஒட்டுதான்னு பாருங்க. ஸ்டிக்கர்னா உரிச்சுட்டு வேற ஒட்டினா முடிஞ்சது.

4. சரியான ரிப்பேர் எப்படி நடக்கும்?

நீங்க பண்ணப் போறதில்லை. ஆனா தெரிஞ்சுக்கிட்டா, கொட்டேஷன் கேட்கும்போது ஆள் வேலை தெரிஞ்சவரா இல்லையான்னு புரிஞ்சிடும்.

முதல்ல நல்லாக் கழுவி, பழைய வாக்ஸ், எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் எடுக்கணும். அடுத்து பழைய கிளியரைத் தண்ணி விட்டு வாட்டர் பேப்பரால தேய்ச்சு எடுக்கணும். 400-ல ஆரம்பிச்சு 600, 800-னு நைஸா போவாங்க. இங்கதான் அனுபவம் பேசும். தேய்க்கும்போது வர்ற கரைசல் வெள்ளையா இருந்தா கிளியர்தான் போகுதுன்னு அர்த்தம். கருப்பா மாறினா கார்பன் இழையையே தொட்டாச்சு, உடனே நிறுத்தணும். இழை வெட்டுப்பட்டா நெசவு டிசைன்ல அந்தத் தழும்பு தெரிஞ்சுக்கிட்டே இருக்கும்.

இரும்பு பானட்டுக்குப் பண்ற ரெண்டு விஷயத்தை இதுக்குப் பண்ணவே கூடாது. ஒண்ணு, பெயிண்ட் ரிமூவர் கெமிக்கல். அது கிளியரோட நிக்காது, எப்பாக்சியையும் கரைக்கும். ரெண்டு, ஹீட் கன். அதிக சூட்டுல ரெசின் இளகி லேயர் பிரியலாம். அதே காரணத்தால, அடிச்ச பிறகு பெயிண்ட் பூத்துல எவ்வளவு சூட்டுல காய வைப்பீங்கன்னும் கேளுங்க. "இது கார்பன், மெதுவாத்தான் காய வைக்கணும்"னு அவரே சொன்னா நல்ல அறிகுறி.

தேய்ச்ச பிறகு ரெண்டு மூணு கோட் 2கே கிளியர் அடிப்பாங்க. 2கேன்னா கிளியரும் ஹார்ட்னரும் கலந்து அடிக்குறது. கடையில ஸ்ப்ரே டப்பாவுல விக்குற சாதாரண 1கே கிளியர் வெறுமனே காய்ஞ்சு நிக்குறது, பெட்ரோல் பட்டாலே இளகிடும், வெயிலையும் ரொம்ப நாள் தாங்காது. கடைசியா 1500, 2000 நம்பர் வாட்டர் பேப்பர், அப்புறம் பாலிஷ்.

உரிஞ்ச இடத்துக்கு மட்டும் டச்சப் பண்ணித் தர்றேன்னு சொன்னா வேண்டாம்னு சொல்லுங்க. பழைய கிளியரோட ஓரத்துல இருந்து மறுபடி உரிய ஆரம்பிக்கும். பானட் முழுசா ஒரே வேலையா நடக்கணும்.

"யூடியூப் பார்த்து நானே மொட்டை மாடியில பண்ணிடவா?" வாக்ஸ், பாலிஷ் வரைக்கும் தாராளமா பண்ணுங்க. 2கே கிளியர் வேண்டாம். அதோட ஹார்ட்னர்ல ஐசோசயனேட் இருக்கு. அந்தப் புகை நுரையீரலுக்குப் போனா ஆஸ்துமா வரைக்கும் கொண்டு போகும், சாதாரண என்95 மாஸ்க் அதைத் தடுக்காது. கார்பன் தேய்க்குற தூசியும் மூச்சுக்கு நல்லதில்லை. ₹5,000 மிச்சம் பிடிக்க நுரையீரலை அடமானம் வைக்காதீங்க.

5. "இன்சூரன்ஸ்ல போட்டுக்கலாம் சார்"

இப்போ நம்ம சப்ஜெக்ட்டுக்கு வந்தாச்சு. ரெண்டு கேள்வி இருக்கு: போடலாமா? போட்டா லாபமா?

முதல் கேள்விக்கு நேரான பதில்: வெயில்ல மஞ்சளாகி உரிஞ்சதுக்கு கிளெய்ம் கிடையாது. மோட்டார் பாலிசியில தேய்மானம் விலக்கப்பட்ட விஷயம். விபத்து, தீ, திருட்டு, வெள்ளம், மரம் விழுறது மாதிரி திடீர்னு நடக்குறதுக்குத்தான் பாலிசி. அப்போ பெயிண்டர் எப்படி "போட்டுக்கலாம்"னு சொல்றார்? பானட்ல ஒரு அடி அடிச்சுட்டு, "தூண்ல இடிச்சிட்டேன்"னு உங்களை எழுதித் தரச் சொல்வார். கையெழுத்து உங்களோடது, அவரோடது இல்லை. பொய்க் கிளெய்ம்னு தெரிஞ்சா பணமும் வராது, பாலிசியும் போகலாம், மோசடிப் புகாருக்கும் இடம் உண்டு. வெயில்ல உரிஞ்சதுக்கும் இடிச்சு உடைஞ்சதுக்கும் வித்தியாசம் சர்வேயருக்குப் பார்த்த உடனே தெரியும்.

இதுல இன்னொரு சிக்கலும் இருக்கு. கம்பெனியில வந்த பானட் இல்லை இது, வெளியில வாங்கி மாட்டினது. இந்த மாதிரி கூடுதல் பொருட்களைப் பாலிசி எடுக்கும்போதே சொல்லி, மதிப்பை ஐடிவியில சேர்த்து, அதுக்கு பிரீமியம் கட்டியிருக்கணும். சொல்லாம விட்டிருந்தா, நிஜமான விபத்துலயே அந்த பானட்டுக்குப் பணம் கிடைக்குறது சிரமம். நம்ம நண்பர்கிட்ட கேட்டேன், பழைய ஓனரும் சொல்லலை, இவரும் சொல்லலை. அடுத்த ரென்யூவல்ல முதல் வேலையா இதைச் சரி பண்ணச் சொல்லியிருக்கேன்.

இப்போ ரெண்டாவது கேள்வி. ஒரு பேச்சுக்கு, மழைக் காத்துல மரக்கிளை விழுந்து பானட் பெயிண்ட் போச்சுன்னு வச்சுக்கோங்க. நியாயமான கிளெய்ம், பானட்டும் பாலிசியில சேர்த்திருக்கு. அப்பவும் கிளெய்ம் போடணுமா? கணக்குப் போடலாம்.

பெயிண்டிங் பில் ₹11,800. ஜீரோ டெப் ஆட்-ஆன் இல்லைன்னா, பெயிண்டிங் பில்லுல 25% மெட்டீரியல்னு எடுத்துக்கிட்டு அதுல 50% தேய்மானம் கழிப்பாங்க.

மெட்டீரியல்: ₹11,800 × 25% = ₹2,950
தேய்மானம்: ₹2,950 × 50% = ₹1,475
மீதி: ₹10,325
கட்டாயக் கழிவு (1500 சிசி வரைக்கும்): ₹1,000
உங்களுக்குக் கிடைக்குறது: ₹9,325

நல்லாத்தானே இருக்குன்னு தோணும். இப்போ என்சிபியைப் பாருங்க. கிளெய்ம் இல்லாத வருஷங்களுக்கு ஓன் டேமேஜ் பிரீமியத்துல கிடைக்குற தள்ளுபடி அது. ஒரு வருஷத்துக்கு 20%, அப்புறம் 25, 35, 45, அதிகபட்சம் 50%. ஒரு கிளெய்ம் போட்டா அடுத்த ரென்யூவல்ல அது பூஜ்ஜியம்.

நம்ம நண்பர் இப்போ 35%-ல இருக்கார். தள்ளுபடிக்கு முன்னாடி அவரோட ஓன் டேமேஜ் பிரீமியம் ₹9,000-னு வைங்க.

முதல் வருஷம்: கிளெய்ம் இல்லைன்னா 45%, போட்டா 0%. வித்தியாசம் 45%, அதாவது ₹4,050
ரெண்டாவது வருஷம்: 50% எதிர் 20%. வித்தியாசம் ₹2,700
மூணாவது வருஷம்: 50% எதிர் 25%. வித்தியாசம் ₹2,250
நாலாவது வருஷம்: 50% எதிர் 35%. வித்தியாசம் ₹1,350
அஞ்சாவது வருஷம்: 50% எதிர் 45%. வித்தியாசம் ₹450

கூட்டினா ₹10,800. அதுக்கு மேல 18% ஜிஎஸ்டி சேர்த்தா ₹12,744.

₹9,325 வாங்கிக்கிட்டு ₹12,744 திருப்பித் தர்றீங்க. அதுவும் அஞ்சு வருஷத் தவணையில, தெரியாமலேயே. "வண்டி பழசாகப் பழசாக பிரீமியம் குறையுமே"ன்னு கேட்டா, சரி, வருஷம் 10% குறையுதுன்னு போட்டாலும் இழப்பு சுமார் ₹11,300 வருது. அப்பவும் நஷ்டம்தான்.

ஒரு சுலபமான விதியா ஞாபகம் வச்சுக்கோங்க. 35% என்சிபியில இருக்குறவருக்கு ஒரு கிளெய்மோட முழு விலை, பிரீமியம் மாறாம இருந்தா, ஓன் டேமேஜ் பிரீமியம் மாதிரி 1.2 மடங்கு, கூட ஜிஎஸ்டி. உங்க ரிப்பேர் அதைவிடக் கம்மின்னா கையில இருந்து குடுங்க. அதைவிட ரொம்ப அதிகம்னா தயங்காம கிளெய்ம் போடுங்க, அதுக்குத்தான் பிரீமியம் கட்டுறோம். என்சிபி புரொடெக்ட் ஆட்-ஆன் வாங்கியிருந்தா கணக்கு மாறும், பாலிசியை எடுத்துப் பாருங்க. இன்னொண்ணு, என்சிபி வண்டிக்கு இல்லை, உங்களுக்கு. நாளைக்கு இந்தக் காரை வித்துட்டு வேற கார் வாங்கினாலும் அந்தத் தள்ளுபடி உங்ககூடவே வரும்.

6. எந்த வழி எவ்வளவு?

நம்ம நண்பர் இன்னும் மூணு வருஷம் இந்தக் காரை ஓட்டப் போறார். அதனால 36 மாசக் கணக்காப் போடலாம். கீழ இருக்குறது அவர் விசாரிச்ச விலைகள். உங்க ஏரியாவுல மாறும், குறைஞ்சது மூணு கொட்டேஷன் வாங்குங்க. மதுரவாயல், அம்பத்தூர் எஸ்டேட் பக்கமும் ஒரு நடை போய்க் கேளுங்க.

வழி அ: செராமிக் கோட்டிங், ₹22,000. செராமிக் நல்ல கிளியர் மேல போடுற மெல்லிய பாதுகாப்பு. உரியுற கிளியர் மேல போட்டா, உரியுற கிளியரோட சேர்ந்து அதுவும் உரியும். இந்த வழியை அடிச்சுடுங்க.

வழி ஆ: தேய்ச்சு எடுத்து மறுபடி கிளியர், ₹11,800. வருஷத்துக்கு வாக்ஸ், பாலிஷ் ₹1,500 வீதம் ₹4,500. மொத்தம் ₹16,300. மாசம் ₹453.

வழி இ: கார்பன் பானட் மேலயே கார் கலர்ல பெயிண்ட், ₹9,000. வருஷப் பராமரிப்பு ₹500 வீதம் ₹1,500. மொத்தம் ₹10,500. மாசம் ₹292. பெயிண்ட்ல இருக்குற நிறமிகள் புற ஊதாக் கதிரைத் தடுத்துடும், அதனால ரெசினுக்கு இதுதான் அதிகப் பாதுகாப்பு. "கார்பன் மேல யாராவது பெயிண்ட் அடிப்பாங்களா?"ன்னு சிரிக்காதீங்க. 2004-ல வந்த செவர்லே கார்வெட் இசட்06 கமெமரேட்டிவ் எடிஷன் கார்பன் ஃபைபர் பானட்டோட வந்துச்சு, அதுவும் பெயிண்ட் அடிச்சுத்தான் வந்துச்சு.

வழி ஈ: பழைய இரும்பு பானட் ஒண்ணு ₹7,000, அதுக்குப் பெயிண்டிங் ₹6,500. கார்பன் பானட்டை இருக்குற நிலையில வித்தா ₹4,000. நிகரச் செலவு ₹9,500. மாசம் ₹264.

இப்போ பாருங்க. ஆ-வுக்கும் ஈ-க்கும் நடுவுல மாசம் ₹189 வித்தியாசம். அந்த நெசவு டிசைனை தினமும் காலையில பார்க்குற சந்தோஷத்துக்கு அதுதான் விலை. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் பக்கத்துல இருக்குற ஊர்க்காரங்க நாம, கார் மேல ஆசை இருக்கத்தான் செய்யும். மாசம் ₹189 அந்த ஆசைக்குத் தப்பே இல்லை. ஆனா "எடை குறையும், மைலேஜ் கூடும்"னு சமாதானம் சொல்லிக்காதீங்க. ஒரு டன் எடைக்குப் பக்கத்துல இருக்குற கார்ல சில கிலோ குறைஞ்சா, போரூர் சிக்னல்ல நிக்கும்போது அந்த மிச்சம் கண்ணுக்கே தெரியாது.

"எதுவும் பண்ணாம விட்டா?" அது இலவசம் மாதிரி தெரியும். ஆனா நிலை 3-ல நிக்குறது ரெண்டு கோடை தாண்டினா நிலை 4-க்குப் போகலாம். அப்போ எப்பாக்சி வேலையும் சேரும். வழி ஆ-வை எடுக்குறதா இருந்தா அடுத்த கோடைக்குள்ள எடுங்க. வழி ஈ-ன்னா அவசரம் இல்லை.

வழி எதுவா இருந்தாலும் ஒரு சட்ட விஷயம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: கம்பெனி குடுத்த விவரத்துக்கும் ஆர்சியில இருக்குற விவரத்துக்கும் மாறுபடுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. இந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில அழுத்தமா உறுதி பண்ணுச்சு. அடிப்படை அமைப்பு மாறாத சின்ன மாற்றம் வேற, ஆனா செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது வெளியில மாட்டின பொருள் இருந்தா, ஒரிஜினல் பாகத்தையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்க. விக்கும்போதும் அது உதவும்.

7. பில் வேணுமா, வேண்டாமா?

"பில் வேண்டாம்னா ₹10,000, பில்னா ₹11,800." இதை எல்லாரும் கேட்டிருப்பீங்க. ஆடிட்டரா நான் என்ன சொல்வேன்னு உங்களுக்கே தெரியும், ஆனா காரணத்தோட சொல்றேன்.

சேவை தர்றவருக்கு வருஷ டர்ன்ஓவர் ₹20 லட்சத்துக்குக் கீழ இருந்தா பொதுவா ஜிஎஸ்டி பதிவே தேவையில்லை. அதனால சின்ன பெயிண்டர் ஜிஎஸ்டி இல்லாத பில் குடுத்தா அது தப்பில்லை. ஆனா உங்ககிட்ட ஜிஎஸ்டி வாங்கினா, பில்லுல 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருந்தே ஆகணும். எண் இல்லாம 18% வாங்குறவருக்கு அந்தப் பணத்தைத் தராதீங்க.

பதிவு இருக்குறவர் பில்லே தராம ₹1,800 குறைக்குறேன்னு சொன்னா, அந்த ₹1,800-க்கு நீங்க விக்குறது உங்க வாரன்ட்டியை. கிளியர் வேலை சரியில்லைன்னா அன்னைக்கே தெரியாது, ஆறு மாசம், ஒரு வருஷம் கழிச்சு உரியும்போதுதான் தெரியும். அன்னைக்கு கையில பில் இருந்தா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல புகார் பதியலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். குடுத்த தொகை ₹5 லட்சம் வரைக்கும்னா ஆணையத்துல கட்டணம் கிடையாது.

பில்லுல இந்த நாலும் எழுதி வாங்குங்க: முழு பானட் வேலை, 2கே கிளியர், எத்தனை கோட், எத்தனை மாசம் வாரன்ட்டி. பணத்தை யுபிஐ-ல குடுங்க. வேலைக்கு முன்னாடியும் பின்னாடியும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அவருக்கே அனுப்பி வைங்க. தேதியோட ஆதாரம் நிக்கும்.

8. பணம் எங்க இருந்து?

"இதை வரியில கழிக்கலாமா?"ன்னு யாராவது கேட்பீங்க. சம்பளக்காரர் சொந்தக் காரை ரிப்பேர் பண்ற செலவுக்குத் தனியா கழிவு கிடையாது. ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்தான் உங்களுக்கு எல்லாத்துக்கும் சேர்த்து.

கிரெடிட் கார்டுல தேய்ச்சுட்டு மினிமம் டியூ மட்டும் கட்டிக்கிட்டு ஓட்டாதீங்க. மாசம் 3.5% வட்டின்னா வருஷத்துக்கு 42%. நோ காஸ்ட் இஎம்ஐ எடுத்தாலும் பிராசசிங் கட்டணம், வட்டி மேல ஜிஎஸ்டின்னு கொஞ்சம் போகும்.

நல்ல வழி ரொம்ப சாதாரணமானது. ₹11,800-ஐ 12-ஆல வகுத்தா ₹983. மாசம் ₹1,000-ஐ சம்பளம் வந்த மறுநாளே 'கார்'னு பேர் வச்ச ஒரு ஆர்டிக்கோ தனி சேமிப்புக் கணக்குக்கோ அனுப்புங்க. டயர், பேட்டரி, கிளியர் கோட், இன்சூரன்ஸ் ரென்யூவல் எல்லாமே எதிர்பார்க்கக்கூடிய செலவுதான், எமர்ஜென்சி இல்லை. எமர்ஜென்சி ஃபண்டை வேலை போனா, உடம்பு சரியில்லைன்னா எடுக்க விட்டு வைங்க.

9. செலவில்லாத பாதுகாப்பு

காய்ஞ்ச துணியால தூசி தட்டாதீங்க, முதல்ல தண்ணி விட்டு மண்ணை இறக்குங்க. போர் தண்ணியில கழுவினா உடனே மைக்ரோஃபைபர் துணியால ஈரத்தை எடுத்துடுங்க. எச்சம் விழுந்தா அன்னைக்கே ஈரத் துணி வச்சு ஊற விட்டு எடுங்க, சுரண்டாதீங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவை வாக்ஸ், அது ஒரு ஞாயித்துக்கிழமை காலை வேலை. தூசி படிஞ்ச கார் மேல கவர் போடாதீங்க, காத்துல கவர் ஆடி அதுவே தேய்க்கும். இரும்பு பானட் இருக்குற புது கார்ல கிளியர் உரிஞ்சா, பெயிண்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி வாரன்ட்டி புக்லெட்டைப் பாருங்க. வாரன்ட்டி காலத்துக்குள்ள இருந்தா எழுத்துல புகார் குடுங்க.

சுருக்கமா: உரியுறதுக்குப் பாலிஷும் செராமிக்கும் மருந்து இல்லை. வெயில்ல போனதுக்கு இன்சூரன்ஸ் கிடையாது. சின்ன கிளெய்முக்கு முன்னாடி என்சிபி கணக்கைப் போடுங்க. வெளியில மாட்டினதைப் பாலிசியில சொல்லுங்க. பில் வாங்குங்க.

நம்ம நண்பர் வழி இ-க்கும் ஈ-க்கும் நடுவுல யோசிச்சுக்கிட்டு இருக்கார். நீங்களா இருந்தா எதை எடுப்பீங்க? உங்க ஓன் டேமேஜ் பிரீமியமும் இப்போதைய என்சிபியும் கமென்ட்ல போடுங்க, எவ்வளவு ரூபாய்க்கு மேல கிளெய்ம் போட்டா லாபம்னு அடுத்த வீடியோவுல கணக்குப் போட்டுக் காட்டுறேன். கார் வச்சிருக்குற நண்பர்களுக்கு இதை அனுப்புங்க.